மொந்த்ரேய் பட்டறையில் வாங்கிய லெங்கே மர ஜெம்பே: எட்டு மாத அனுபவம்

கடந்த ஒக்டோபரில், பாரிஸின் கிழக்கு எல்லையை ஒட்டிய மொந்த்ரேய் நகரில், மாலி நாட்டவர் ஒருவர் நடத்தும் சிறிய பட்டறையில், மேற்கு ஆப்பிரிக்காவின் கைமேளமான ஜெம்பே ஒன்றை வாங்கினேன். மாலியிலிருந்து வந்த குடும்பங்கள் பெருமளவில் வாழும் நகரம் அது; ஆகவே அந்தப் பட்டறைக்குத் திருமண வீடுகளில் வாசிக்கும் கலைஞர்களே தோல் மாற்றவும் கயிறு இறுக்கவும் வருகிறார்கள். நான் அங்கே சென்றதற்கும் அதுவே காரணம். மேளத்தின் விலை 430 யூரோ, உறை தனி. எட்டு மாதங்களாக ஏறத்தாழ நாள்தோறும் வாசித்த பின்னரே இதை எழுதுகிறேன்.

மேளத்தின் உடல் லெங்கே எனப்படும் மரத்தின் ஒரே துண்டிலிருந்து குடையப்பட்டது. கினியாவிலும் மாலியிலும் ஜெம்பேக்கு மிகவும் மதிக்கப்படும் கடின மரங்களுள் இது ஒன்று. உயரம் 61 சென்ரிமீற்றர், தோல்முகத்தின் விட்டம் 33 சென்ரிமீற்றர், எடை பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். நின்றபடி வாசிப்பதற்கு இடுப்பில் கட்டினால் அரை மணி நேரத்திற்குள் முதுகு எடையை உணரத் தொடங்கும். ஆனால் அந்த எடைதான் ஒலிக்குக் கூர்மையைத் தருகிறது. கடைசல் பொறியில் திரட்டப்பட்டு இந்தோனேசியாவிலிருந்து பெருமளவில் வரும் இலகுவான மேளம் ஒன்றை முன்பு இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். அதில் எந்த அடியை அடித்தாலும் ஒன்றுபோலவே கேட்டது.

வாங்குபவர்கள் வெளிப்புறச் செதுக்கல்களைப் பார்த்து மயங்காமல் மேளத்தைக் கவிழ்த்து உள்ளே பார்க்க வேண்டும். கைவினை ஜெம்பேயின் உட்சுவரில் வாச்சியின் வெட்டுத் தடங்கள் தெரியும். அவை சீராக இருக்கின்றனவா, மேலே உள்ள கிண்ணமும் கீழே உள்ள குழாயும் சந்திக்கும் கழுத்துப் பகுதி ஒழுங்காகத் திறக்கப்பட்டிருக்கிறதா என்பவையே முக்கியம். அந்தக் கழுத்தின் அகலமும் குழாயின் நீளமும்தான் ஆழ்ந்த அடித்தொனியைத் தீர்மானிக்கின்றன. பாதத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. கிண்ணத்தில் வெடிப்பு இருந்தால் வாங்கவே கூடாது. எனது மேளம் இந்தச் சோதனைகளில் குறையின்றித் தேறியது. லெங்கே உள்ளடங்கிய ஆப்பிரிக்க அஃப்செலியா மரங்கள் 2022 ஆம் ஆண்டு பனாமாவில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், இந்த உடல் எப்போது கொண்டுவரப்பட்டது என்று கேட்டேன். அதற்கு முன்னரே வந்த சரக்கு என்று பட்டறைக்காரர் பற்றுச்சீட்டோடு காட்டினார். இக்கேள்வியை எல்லோரும் கேட்பது நல்லது.

தோல் ஆட்டுத்தோல். ஆட்டின் முதுகுக்கோடு முகத்தின் நடுவே செல்லுமாறு விரித்து, இரும்பு வளையங்களுக்கு இடையே பிடித்து, நெடுங்கயிறுகளால் இழுத்திருக்கிறார்கள். பறையைப் போலவே, ஜெம்பேயையும் முன்பு நெருப்பருகே காட்டித்தான் முறுக்கேற்றினார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த நெருக்கம் ஏற்பட்டது. இன்று அந்த வேலையைக் குறுக்குக் கயிறு செய்கிறது: நெடுங்கயிறுகளை இரண்டிரண்டாகப் பின்னி, ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு இழுக்கும்போது வைர வடிவில் முடிச்சுகள் விழுந்து, தோல் படிப்படியாக இறுகுகிறது.

இந்த இடத்தில்தான் பட்டறையின் குறையைச் சொல்ல வேண்டும். புதிய தோல் இளகும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே; ஆயினும் மூன்று வாரங்களில் ஒலி முற்றிலும் தளர்ந்துவிட்டது. முதல் இழுப்பு போதாது என்பது வெளிப்படை. மேலும் விளிம்பின் ஒரு பக்கம் சரியாக உருட்டப்படாததால் விரலடி மூட்டுகள் வலித்தன. திரும்பக் கொண்டு சென்றபோது, தோலைக் கழற்றி விளிம்பை அரத்தால் உருட்டி மீண்டும் பூட்டித் தந்தார். பணம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பதினெட்டு நாட்கள் காத்திருந்தேன்.

திரும்பி வந்த மேளத்தின் ஒலியைப் பற்றி எத்தனை சொன்னாலும் போதாது. ஜெம்பேயில் அடிப்படை ஒலிகள் மூன்றே. உள்ளங்கை முழுவதையும் நடுவில் பதித்து உடனே எழவிட்டால் அடித்தொனி. விரல்களைச் சேர்த்து நீட்டி, விரலடி விளிம்பில் அமையுமாறு அடித்தால் உருண்ட நடுத்தொனி. ஏறத்தாழ அதே இடத்தில், விரல்களைச் சற்றுத் தளர்த்தி நுனிகள் மட்டும் தோலைத் தொட்டு மீளுமாறு விட்டால், சாட்டை சொடுக்கியது போன்ற அறை ஒலி. கடைசி இரண்டையும் காது பிரித்தறியுமாறு வாசிக்க எனக்கு ஐந்து மாதங்கள் தேவைப்பட்டன. அறை ஒலிக்கு வலிமை வேண்டும் என்று எண்ணிப் பலர் கையைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் அது கையின் தளர்விலிருந்து பிறக்கிறது. மேளத்தை முன்புறம் சாய்த்து, அடிவாய் திறந்திருக்குமாறு பிடிப்பதும் அவசியம். தரையில் நேராக வைத்தால் அடித்தொனி வெளியேற வழியில்லை.

பட்டறையில் சனிக்கிழமைகளில் நடக்கும் வகுப்பிலும் சேர்ந்தேன்; ஒன்றரை மணி நேரத்திற்கு 15 யூரோ. கற்பிப்பவர் பொறுமையானவர், கினியாவின் காட்டுப் பகுதியிலிருந்து வந்த குக்கு என்னும் தாளத்திலிருந்து தொடங்கினார். எனினும் முதல் இரண்டு மாதங்கள் ஜெம்பேக்கள் மட்டுமே ஒலித்தன. ஜெம்பேக்கு உரியவர்களான மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களின் இசையில் ஜெம்பே தனித்து நிற்பதில்லை; துந்துன்பா, சங்பான், கென்கெனி என்ற மூன்று துனுன் மேளங்கள், மாட்டுத்தோலின் மீது குச்சியால் வாசிக்கப்பட்டு, தாளத்தின் மெட்டையே சுமக்கின்றன. மூன்றாம் மாதத்தில் அவற்றைக் கொண்டுவந்த அன்று, அதுவரை எண்ணி எண்ணி வாசித்த அடிகள் தாமாகவே தமக்குரிய இடத்தில் விழுந்தன. முதல் வகுப்பிலிருந்தே குறைந்தது ஒரு சங்பானாவது இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் அறை வெப்பமூட்டிக்கு அருகே மேளத்தை வைக்க வேண்டாம். உலர்ந்த வெப்பத்தில் இறுகி என் வகுப்புத் தோழி ஒருவரின் மேளத்தோல் இரவோடு இரவாகக் கிழிந்தது. கோடையில் மூடிய காருக்குள் விடுவதும் அதே அளவு ஆபத்தானது. புதிய ஆட்டுத்தோல் பூட்ட இந்தப் பட்டறையில் 70 யூரோ கேட்கிறார்கள். வாங்கும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அளவு பெரிது. அவர்களுக்கென 25 சென்ரிமீற்றர் முகமுள்ள மேளங்களும் அங்கே இருக்கின்றன. என் மகளுக்கு வரும் மாதம் அதில் ஒன்றை எடுக்கப் போகிறேன், இம்முறை விளிம்பை நானே கையால் தடவிப் பார்த்த பிறகு.