நாய்க்குட்டியின் உச்சாவுக்கு எது தோது: பேப்பரா, தெருவா, மொட்டை மாடியா?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பெரும்பாலான வீட்டில் தோட்டம் கிடையாது. படி இறங்கினால் தெருதான். இரண்டு மாதக் குட்டி கூடமெங்கும் உச்சா போனால் கைவசம் மூன்று வழிதான். என் ஓட்டு மொட்டை மாடிக்கு.

தெரு இப்போதைக்கு வேண்டாம். தடுப்பூசி வரிசை முடியும்போது குட்டிக்கு ஏறக்குறைய 16 வார வயது ஆகியிருக்கும். குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து வரும் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வேறு. அது போதாதென்று, ஆட்டோ ஹார்னுக்கு மிரண்டு அடக்கிக்கொள்ளும் குட்டி, வீட்டுக்குள் கால் வைத்ததும் விட்டுவிடும்.

பேப்பர் மலிவு, உச்சாவை உறிஞ்சும் பேட் கொஞ்சம் விலை கூட. சிக்கல் விலையில் இல்லை, காலடியில் இருக்கிறது. இந்த வயதில் குட்டி இடத்தை மட்டுமல்ல, பாதத்தில் படும் தன்மையையும் பிடித்துக்கொள்ளும். மெத்தென்று உறிஞ்சுவதில் போகலாம் என்று பதிந்துவிட்டால் கால்மிதி, பாய், கழற்றிப் போட்ட லுங்கி எல்லாமே அதற்குக் கழிப்பிடம்தான். காலையில் வந்த தினத்தந்திக்கும் விதிவிலக்கு இல்லை. பிறகு அதை மறக்கடித்துப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும், வேலை இரட்டிப்பு. முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏற முடியாதவர்களுக்குப் பேப்பரே சரி. ஆனால் கடைசிவரை ஒரே மூலையில் விரியுங்கள்.

மாடியில் தரையில் நேராக விடக்கூடாது. பழைய தட்டோட்டுத் தளத்தின் இடுக்கில் மூத்திரம் இறங்கினால் வெயிலில் நாறும், வீட்டுக்காரர் படியேறி வருவார். இரண்டடி அகல பிளாஸ்டிக் டப், விளிம்பு நாலு விரல் உயரம், உள்ளே விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை மணல். கடைசியாக உச்சா துடைத்த துணியை அதில் ஒருமுறை பிழிந்துவிடுங்கள், வாசனை வழிகாட்டும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 15–20 நிமிடத்தில், விளையாடி முடித்ததும், படுக்குமுன். இவை போக, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தூக்கிக்கொண்டே ஏறுங்கள், நடக்கவிட்டால் இரண்டாவது திருப்பத்திலேயே முடித்துவிடும். டப்பில் விட்டு, அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனவுடன் அங்கேயே ஒரு துண்டு வேகவைத்த கோழி. கீழே வந்து கொடுத்தால் படி இறங்கியதற்குப் பரிசு என்றுதான் அதற்குப் புரியும். போகவில்லையா? கீழே மடியில் வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி.

மாடிக்கும் தொல்லை உண்டு. காலை பத்து முதல் நாலு வரை தளம் பாதத்தைச் சுடும். டப்பைத் தண்ணீர் டேங்க் நிழலில் வையுங்கள். மழையென்றால் படிக்கட்டுக் கூண்டுக்குள். உபயோகிக்காத நேரம் பலகை போட்டு மூடாவிட்டால் மீன் வாடைக்குத் திரியும் பூனைகள் சொந்தம் கொண்டாடும். கட்டியான மணலைத் தினமும் அள்ளி, வாரம் ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள் தவறிப் போனதைப் பினாயிலால் துடைப்பதில் பயனில்லை. நம் மூக்கைத்தான் அது ஏமாற்றும், குட்டியின் மூக்கை அல்ல. ப்ளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் கண் எரியும் புகை வரும். வினிகர் மொசைக் தரையை அரிக்கும். மூத்திர வாசனையையே சிதைக்கும் என்சைம் கிளீனர் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், அதை ஊற்றி, 10–15 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். தண்டனையாகக் குட்டியின் மூக்கை உச்சாவில் தேய்த்தால் அது கற்பது ஒன்றுதான்: அடுத்தமுறை கட்டிலுக்கடியில் போக வேண்டும். பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாகப் போனால் அது பழக்கக் கோளாறாக இல்லாமல் மூத்திரக் குழாய்த் தொற்றாகவும் இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஊசிகள் முடிந்து மருத்துவர் சரி என்றதும் தெருவுக்கு மாறலாம். உச்சா போன மணலில் ஒரு பிடியைக் கவரில் எடுத்துப்போய், ஆள் நடமாட்டமில்லாத ஓரத்தில் தூவிவிட்டு நில்லுங்கள். பெட்டை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கால் தூக்கத் தொடங்கும் ஆண் குட்டிக்கு மின்கம்பமே போதும், மணல் வேண்டியிருக்காது.