மோட்டார் ஓடியும் தண்ணீர் குறைகிறதா? எளிய காரணமா, சிக்கலான காரணமா

தர்மபுரி, ஊத்தங்கரைப் பக்கம் கோடையில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

எளியது: போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) நீர்மட்டம் இறங்கிவிட்டது.
சிக்கலானது: மட்டமும் இறங்கி, பைப்பும் ஓட்டையாகி, இம்பெல்லரும் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்துவிட்டது.

சோதனை: எளியதற்குச் செலவே இல்லை. இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் போடுங்கள். முதலில் முழு வேகத்தில் வந்து, பிறகு விட்டுவிட்டு வந்தால் மட்டம்தான். சிக்கலானதற்கு மோட்டாரையே வெளியே தூக்கணும். கூலி, வண்டி வாடகை எல்லாம் உண்டு.

தப்பானால்: எளியதை நம்பிப் புது போர் போட்டால் பெரும் நஷ்டம். அதனால் மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் ஆம்ப்ஸ் மீட்டரையும் பாருங்கள். ஊசி வழக்கத்தைவிட இறங்கி ஆடினால் பம்பு காற்று இழுக்கிறது. ஆம்ப்ஸ் குறையாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் பைப் ஓட்டையைச் சந்தேகப்படுங்கள்.

செலவில்லாமல் சரிபார்க்க முடிவதால்தான் எளியதை முதலில் எடுக்கச் சொல்கிறேன். தண்ணீரோடு மணலும் வந்தால் காத்திருக்காமல் மோட்டாரைத் தூக்கிவிடுங்கள்.