தியோடோரா கனவு மருத்துவர்கள்: எங்கள் வாட்டுக்கு வந்த கோமாளி

சுவிஸில் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்க நேரும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தியோடோரா அறக்கட்டளையின் 'கனவு மருத்துவர்கள்' என்ற கோமாளிக் கலைஞர்கள் உங்கள் வாட்டுக்கு வந்தால், 'இந்த நேரத்தில் இது எதற்கு' என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள். குடும்பத்திடமோ ஆஸ்பத்திரியிடமோ காசு வாங்குவதில்லை, எல்லாம் நன்கொடையில் நடக்கிறது.

எங்கள் மகனுக்கு ஆறு வயது. இரவோடு இரவாக அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு யார் கதவைத் திறந்தாலும் ஊசியோடுதான் வருகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். அப்படியிருக்கும்போது, வெள்ளை டொக்டர் கோட்டில் கலர் கலராகப் படம் வரைந்து போட்டிருந்த ஒருவர் வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டார். இவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "சரி" என்றார், போய்விட்டார். கெஞ்சவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை காட்டவும் இல்லை.

எனக்கு இவர்களிடம் மிகவும் பிடித்தது இதுதான். ஊசி வேண்டாம் என்று அழுதாலும் போடத்தான் செய்வார்கள், மருந்து வேண்டாம் என்றாலும் குடித்தே ஆகவேண்டும். அங்கே என் பிள்ளை வேண்டாம் என்றதும் போன ஒரே ஆள் அந்தக் கோமாளிதான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் யுகுலேலே (சின்னக் கிற்றார் போன்றது) சத்தம் கேட்டது. "அம்மா, அந்த ஆள் திரும்பி வருவாரோ?" என்று இவனே கேட்டான். தாதியிடம் சொல்லி அனுப்பினேன்.

இந்த முறை அவர் மகனிடம் பேச்சே கொடுக்கவில்லை. சேலைன் பம்புடன் சண்டைக்குப் போனார். அது 'பீப்' என்றால் அதே சுருதியில் ஒரு தந்தியைத் தட்டுவார். அது மறுபடியும் கத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னும் மெல்லப் பதில் கொடுப்பார். மகன் சிரித்தேவிட்டான். சிரித்த வேகத்தில் கை வயிற்றுக் காயத்துக்குப் போனது. அவர் அதைக் கவனித்த உடனே யுகுலேலேயைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையை விரலுக்குள் ஒளிக்கும் சின்ன வித்தைக்கு மாறிவிட்டார். பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற கலைஞர்!

பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வரும் கோமாளியை மனதில் வைத்து இவர்களை எடைபோட வேண்டாம். இவர்கள் ஆஸ்பத்திரிக்கென்றே பயிற்சி எடுத்த தொழில்முறைக் கலைஞர்கள். அறைகளுக்கு வருமுன் எந்தப் பிள்ளைக்கு என்ன நிலை என்று தாதிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். "சேவை என்றால் சம்பளம் இல்லாமல் செய்ய வேண்டாமோ?" என்று மாமி கேட்டா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது ஒரு வேலை, கஷ்டமான வேலை. தொண்டர்களாகவே இதைச் செய்யும் குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன, அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தொண்டரும் பயிற்சி பெற்றுத்தான் நோயாளிப் பிள்ளையிடம் வர வேண்டும்.

1993இல் அந்த்ரே, யான் பூலி என்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கிய அமைப்பு இது. அந்த்ரே சிறுவனாக இருந்தபோது புல்வெட்டும் இயந்திரத்தில் அடிபட்டு நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் வந்து அவரைச் சிரிக்க வைத்தவர் அவருடைய அம்மா தியோடோரா. அந்த அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

முன்கூட்டியே நாள் குறித்த ஒப்பரேஷன் என்றால், சில ஆஸ்பத்திரிகளில் அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைக்குத் துணையாக இருக்கிறார்கள். 2005இல் இத்தாலியின் புளோரன்ஸில் 40 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. மயக்க மருந்து கொடுக்கும்போது பெற்றோரோடு கோமாளியும் நின்ற பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. அப்படியிருந்தும் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர், ஒப்பரேஷன் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி அதைத் தொடர விரும்பவில்லை. அவர்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் அலறுகிற பிள்ளையின் கையைப் பிடித்து நின்றவள் நான். என் வாக்கு கோமாளிக்குத்தான்.

வழக்கமாகக் குறித்த நாட்களில்தான் வருவார்கள். டொய்ச் (ஜெர்மன்) மொழியில் கனவு மருத்துவரை டிரௌம்டொக்டர் என்பார்கள். அதனால் வாட்டில் சேர்ந்ததுமே "டிரௌம்டொக்டர் எந்த நாள் வருவார்?" என்று தாதியிடம் கேட்டு வையுங்கள். துணைக்கு இருப்பது டொய்ச் தெரியாத அம்மம்மா என்றாலும் பரவாயில்லை. எங்கள் அறையில் நடந்ததில் முக்கால்வாசிக்குப் பேச்சே தேவைப்படவில்லை.