'ஆட்டோமேட்டிக்' பில்ஜ் பம்ப் என்று மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு ராத்திரியில் ஜெட் ஸ்கீ முங்கிவிட்டது

ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள், முக்கியமாக அதை இரவில் தண்ணீரிலேயே கட்டிப் போடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பாருங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எப்படி இருந்தது என்பதை ஒயர் ஒயராகச் சொல்கிறேன். உங்கள் வண்டியிலும் அதே கைவண்ணம் இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அன்று காலை படகுத்துறைக்குப் போனபோது என் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள். சீட்டின் பின்பாதிமேல் சிற்றலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே நுரை அடைத்திருப்பதால் இந்த வண்டிகள் கல் மாதிரி அடிக்குப் போய்விடாது. அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல். வண்டியின் வயிற்றில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப் மாட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

முதலில் பம்ப் எதற்கு வாங்கப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெட் ஸ்கீயில் கம்பெனியே ஒரு இறைப்பு ஏற்பாடு வைத்திருக்கும். பின்னால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும்போது உண்டாகும் உறிஞ்சலில், வண்டியின் வயிற்றில் தேங்கியது சின்னக் குழாய் வழியாக வெளியேறிவிடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது, கெட்டுப்போகவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சின் ஓடினால்தான் அது வேலை செய்யும். கட்டிப் போட்ட வண்டிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. என் வண்டியில் எஞ்சினிலிருந்து பின்னால் போகும் தண்டைச் சுற்றி, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கார்பன் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மாற்றும்வரை ஒரு காவல் இருக்கட்டுமே என்றுதான் மின்சார பம்ப் தேடிப் போனேன்.

நான் கேட்டது சாதாரண மேனுவல் பம்ப். ஒரு ஸ்விட்ச், ஒரு குழாய், அவ்வளவுதான். கடைக்காரர் சிரித்தார். "மேனுவல் போட்டா நீங்கதான் சார் ஞாபகம் வெச்சு ஸ்விட்ச் போடணும். தண்ணி ஏறுனது உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சீட்டுக்கு அடியில இருக்கு. ஆட்டோமேட்டிக் போட்டுட்டு மறந்துடுங்க." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் நான் விழுந்தேன்.

கையோடு, 500 கேலன் பம்ப் போதாது, 1100 கேலன்தான் எடுக்க வேண்டும் என்றார். பெட்டிமேல் போட்டிருப்பது ஒரு மணி நேரக் கணக்கு. 500 கேலன் என்றால் சுமார் 1,900 லிட்டர், 1100 என்றால் 4,100 லிட்டருக்கு மேல். அது தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாய் வளைவு எதுவும் இல்லாமல், பேட்டரி முழுதாக இருக்கும்போது வரும் அளவு. வண்டிக்குள் வளைந்து நெளிந்து மேலே ஏறி வெளியே போகும்போது அது கணிசமாகக் குறையும். சரி, குறைந்தாலும் பெரியது பெரியதுதானே என்று நினைத்தேன். பின்னால் பார்த்தால், கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர் வாய் உள்ள அந்தப் பம்புக்கு ஒரு குறுக்கியைப் போட்டு 19 மில்லிமீட்டர் குழாயை மாட்டியிருந்தார்கள். பெரிய பம்புக்கான காசு, சின்னப் பம்புக்கான குழாய்.

மாட்டி முடித்ததும் கடையில் சோதித்துக் காட்டினார்கள். சாவியைப் போட்டதும் பம்ப் 'ர்ர்ர்' என்றது. "பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன், தலையாட்டினேன், பில்லில் கையெழுத்துப் போட்டேன். 'ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்ப், பொருத்திச் சோதித்துக் கொடுக்கப்பட்டது' என்று அதில் எழுதியிருக்கிறது. உள்ளே சொட்டுத் தண்ணீர்கூட இல்லாதபோது ஆட்டோமேட்டிக் பம்ப் எதற்காக ஓடுகிறது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முங்கிய அன்று கடைக்குப் போன் போட்டேன். வடிகால் மூடியைச் சரியாகப் போட்டிருக்க மாட்டீர்கள் என்றார்கள். பின்னால் உள்ள இரண்டு மூடிகளும் இறுக்கமாக இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் பம்பைக் கழற்றி, இரண்டு ஒயரை நேராக பேட்டரியில் தொட்டுக் காட்டினான். ஓடியது. "பம்ப் நல்லாத்தானே சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பம்ப் நன்றாகத்தான் இருந்தது. யார் இல்லை என்றது?

விஷயம் புரிந்தது வேறொரு மெக்கானிக்கிடம். பெரியவர், படகு எஞ்சின் வேலையிலேயே தலை நரைத்தவர். பம்பிலிருந்து மூன்று ஒயர் வரும் என்று காட்டினார். கறுப்பு, மைனஸ். மற்ற இரண்டில் ஒன்று ஆட்டோமேட்டிக்குக்கு, இன்னொன்று கையால் போடும் ஸ்விட்சுக்கு. எது எந்த நிறம் என்பதைப் பெட்டியில் வரும் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் ஒயர் ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மின்சாரம் இருந்தால்தான், யாரும் இல்லாத நேரத்தில் தண்ணீரைக் கண்டு பம்ப் விழித்துக்கொள்ளும்.

என் வண்டியில் அந்த ஒயரை நறுக்கி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மற்ற ஒயர்களோடு சேர்த்து இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். கையால் போடும் ஒயரை மட்டும், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த சாவி லைனில் முறுக்கி விட்டிருந்தார்கள். அதாவது, நான் ஓட்டும்போதெல்லாம் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்ப் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். இறங்கிச் சாவியை எடுத்ததும் தூங்கிவிடும். எனக்குத் தேவைப்பட்டதற்கு நேர் எதிர்.

"இது ஆட்டோமேட்டிக்தான் தம்பி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குச் சோறே போடலையே" என்றார் பெரியவர்.

முறுக்கிய இடத்தில் டேப்பை உரித்தார். இரண்டு வாரத்துக்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புத் தண்ணீர் படும் இடத்தில், சூடு காட்டினால் சுருங்கி உள்பசையோடு ஒட்டிக்கொள்ளும் உறை போட்ட இணைப்புதான் நிற்கும். வீட்டு வயரிங் டேப் நிற்காது. பம்புக்கென்று தனி ஃபியூஸும் இல்லை. எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று பம்பின் மேலேயே எழுதியிருக்கும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் அதை வைப்பது வழக்கம். பம்பின் விசிறியில் ஒரு துணி நூல் சிக்கி மோட்டார் நின்றுபோனால், ஃபியூஸ் போகாவிட்டால் ஒயர்தான் சூடேறும். பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய மூடிய அறை அது. அங்கே போடும் பம்பும் ஸ்விட்சும் ஐஎஸ்ஓ 8846 போன்ற தீப்பொறிப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டபோது ஒருவழியாகக் காரணம் வந்தது. "நேரடியாக் குடுத்தா பேட்டரி இறங்கிடும் சார். காலைல ஸ்டார்ட் ஆகலைன்னு எங்களத்தான் திட்டுவாங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த வண்டிகளின் பேட்டரி சின்னது, பெரும்பாலும் 18 முதல் 30 ஆம்பியர்-மணி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீல் வழியாக நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி, ஒழுகுகிறது என்று வையுங்கள். மணிக்கு 12 லிட்டர். 500 கேலன் பம்ப் நடைமுறையில் பாதி அளவுதான் இறைக்கிறது என்று வைத்தாலும் அதற்கு ஒரு நிமிட வேலை. பத்து மணி நேர ராத்திரியில் மொத்தம் எட்டுப் பத்து நிமிடம். இரண்டு மூன்று ஆம்பியர் இழுக்கும் மோட்டார் அதற்குள் அரை ஆம்பியர்-மணியைத் தாண்டாது. பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே ஒழுகல், பம்ப் தூங்கினால், விடியும்போது 120 லிட்டர், அதாவது 120 கிலோ. பின்பக்கம் தாழத் தாழ மற்ற துளைகளும் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் கணக்கு எதற்கு?

பேட்டரி பயம் நியாயமாகிற இடமும் உண்டு. சில ஆட்டோமேட்டிக் பம்புகளுக்கு, தண்ணீர் ஏறினால் மேலெழுந்து பம்பை ஓட்டிவிடும் மிதவை கிடையாது. இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சுற்றிப் பார்த்து, தண்ணீரின் எதிர்ப்பு தெரிந்தால் தொடரும், இல்லையென்றால் நின்றுவிடும். தினமும் ஓட்டுகிற வண்டிக்குப் பரவாயில்லை. மூன்று வாரம் சும்மா நிற்கிற வண்டியில் அந்தச் சுற்றல்களே பேட்டரியைத் தின்றுவிடும். அப்படி நிறுத்துகிறவர்கள் மிதவை ஸ்விட்சோ, தண்ணீர் பட்டால் உணரும் சென்சாரோ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மிதவைக்கும் ஒரு குணம் உண்டு: பம்ப் நின்றதும் குழாயில் நின்ற தண்ணீர் திரும்பி உள்ளே விழும், மிதவை மறுபடி தூக்கும், பம்ப் மறுபடி ஓடும். குழாயைத் தேவையான நீளத்துக்கு மட்டும் வைத்தால் இது குறையும். வெளிவாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கீழே இருந்தால், பம்ப் நின்றபின் அதே குழாய் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். என் வண்டியில் அது கிட்டத்தட்ட மட்டத்திலேயே இருந்தது!

இவ்வளவு பட்ட பிறகும் எல்லாரும் ஆட்டோமேட்டிக்தான் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஓட்டி முடித்ததும் டிரெய்லரில் ஏற்றி வடிகால் மூடியைக் கழற்றுகிறவருக்கு மேனுவல் தாராளம். பழுதாகும் பாகங்கள் குறைவு. ஸ்விட்சோடு ஒரு சின்ன விளக்கு இருந்தால் அணைக்க மறக்கவும் மாட்டார். வண்டி கிளம்பச் சோம்பினாலோ பின்பக்கம் கனத்தாலோ ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிடலாம். இன்னொன்று, ஆட்டோமேட்டிக் பம்புக்குத் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. எஞ்சின் ஆயில் சிந்தியிருந்தால் அதையும் கேட்காமல் கடலில் கொட்டிவிடும். மேனுவலில் அந்த முடிவு நம் கையில். கட்டிப் போடுகிறவருக்கு மட்டும் ஆட்டோமேட்டிக், அதுவும் அணை, தானாக, கையால் என்று மூன்று நிலை உள்ள ஸ்விட்சோடு. பெரியவர் எனக்கு இப்போது அதைத்தான் மாட்டியிருக்கிறார், 500 கேலன் பம்போடு. கார்பன் சீலையும் மாற்றிவிட்டேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், அது என் தப்பு.

முங்கிய வண்டியை யாரும் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினோம். ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தது. அது தெளியும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கே செய்ததால் எஞ்சின் பிழைத்தது. ஸ்டார்ட்டர் பிழைக்கவில்லை.

கடைக்காரர் பம்பின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார், அதுவும் வேறு பொருளாக. வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒரு ஆளின் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன், இதை எழுதியிருக்கவும் மாட்டேன். ஆனால் போன வாரம் துறையில் பக்கத்து வண்டிக்காரர், தானும் அங்கேதான் ஆட்டோமேட்டிக் மாட்டியதாகச் சொன்னார். சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, சீட்டைத் தூக்கி, பம்ப் மூழ்கும்வரை வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் நின்றோம். சத்தமே இல்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டார். 'ர்ர்ர்' என்றது.