மகள் வீட்டுக்குப் பின்னால் எனக்கொரு வீடு: கட்டிக் கொடுத்த மேஸ்திரியைப் பற்றி

சென்னை மாதவரத்தில் என் மகள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், 320 சதுர அடியில் எனக்கென்று ஒரு வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இரண்டு ஐப்பசி கார்த்திகை மழையையும் பார்த்தாயிற்று. பால் காய்ச்சிய கையோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக இருந்திருக்கும். எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 33 வருஷம் நர்ஸாக இருந்து 2019ல் ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் தவறிய பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் மாடி போர்ஷனில் தனியாக இருந்தேன். மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மூன்று நாள் கரண்ட் இல்லை, படிக்கட்டில் தண்ணீர். மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து என்னைக் கூட்டிப் போனார். "அத்தை, இனிமே நீங்க அங்க போக வேணாம்" என்றார். மகளும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேரும் மனசார கூப்பிட்டார்கள். ஆனாலும் மகள் வீட்டு ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் போடுகிறவள் நான். எனக்குத் தனி அடுப்பு வேண்டும், தனி வாசல் வேண்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர்களும் வேண்டும். கையில் பணிக்கொடைப் பணம் இருந்தது. மகள் மனை ஒரு கிரவுண்டு, நாற்பதுக்கு அறுபது. பின்னால் இருபத்துநாலு அடி சும்மாதான் கிடந்தது.

முதலில் வந்த காண்ட்ராக்டர் இடத்தைப் பார்த்த பார்வையிலேயே, "வயசானவங்க தங்குற ரூம்தானே மேடம், மேல ஷீட் போட்டுடலாம், பாத்ரூம் வெளியில இருக்கட்டும்" என்றார். ரூம் என்ற அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. அவரை அத்தோடு அனுப்பிவிட்டோம்.

அடுத்து வந்தவர்தான் இந்த மேஸ்திரி. செய்யாறு பக்கத்துக்காரர், எருக்கஞ்சேரியில் வெகு நாளாகக் குடியிருக்கிறார். பெயரும் நம்பரும் இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. நான் ஸ்டான்லி என்றதும் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். கல் விழுந்து நசுங்கி, ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவில் தைத்துச் சரிசெய்த விரல். அன்றிலிருந்து எனக்கு அவரிடம் "சிஸ்டர்" என்றே பேர். டேப்பை எடுக்கும் முன்னால் அவர் கேட்டது இதுதான்: "சமையல் நீங்களேதானே சிஸ்டர்? கொஞ்சம் நேரா நில்லுங்க." என் முழங்கை உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அதிலிருந்து கீழே அளந்து 31 அங்குலம் என்று எழுதிக்கொண்டார். அதுதான் இன்று என் சமையல் மேடையின் உயரம். நான் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. நாற்பது வருஷமாக வாடகை வீடுகளில் தோளைத் தூக்கிக்கொண்டு கிண்டியவள், இப்போது தோளைத் தொங்கவிட்டு ரசம் வைக்கிறேன்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வாசல் மட்டத்தைப் பற்றி. எலும்பு முறிவு வார்டில் 11 வருஷம் இருந்தேன். இடுப்பு ஒடிந்து வந்த கிழவிகளில் பாதிப் பேர் சொன்னது ஒரே கதை: படியில் கால் தடுக்கியது, இல்லையென்றால் பாத்ரூமில் வழுக்கியது. அதனால் படியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையோ, மிக்ஜாமில் தெருத் தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்டி, தரையை இரண்டரை அடியாவது தூக்கியே ஆக வேண்டும் என்றார். இரண்டுமே நியாயம். இரண்டரை அடி உயரத்துக்குச் சரிவு போட வேண்டுமென்றால் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் முப்பது அடி நீளம் வேண்டும். பின்பக்கம் அவ்வளவு இடம் ஏது?

மேஸ்திரி ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் காலையில் ஒரு நிறமில்லாத பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்தார். ஒரு முனையை மகளின் சமையலறைப் பின்வாசலில் சித்தாள் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையோடு இவர் பின்மதில் வரை நடந்தார். குழாயில் தண்ணீர் ஆடி ஆடி நின்ற இடத்தில் மதிலில் கரியால் ஒரு கோடு. "உங்க பொண்ணு வீட்டு மட்டம் இது. உங்க தரையும் இதே மட்டம். நடுவுல இருக்கிற அஞ்சடியையும் இதே மட்டத்துக்குத் தூக்கிடறேன், படி இல்ல" என்றார். தெருவிலிருந்து வருவதற்கு, வீட்டின் பக்கவாட்டுச் சந்து முழுவதையும் கேட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திவிட்டார். முப்பத்தாறு அடிச் சந்து. நடந்து வருகிறவர்களுக்கு ஏறுவதே தெரியாது. வந்து நின்று திரும்பிப் பார்த்தால் தெரு இரண்டரை அடி கீழே இருக்கும்.

மண் கொட்டி உயர்த்தினால் அது பக்கத்து வீட்டு மதிலைத் தள்ளும் என்பதால், மதிலை ஒட்டாமல் தனியாக ஒரு குட்டைச் சுவர் எழுப்பி அதற்குள்தான் மண் நிரப்பினார். சந்தில் விழும் மழை முன்பக்கம் ஓடி, கேட் அருகே உள்ள மழைநீர்க் குழியில் இறங்குகிறது. 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழி, இருபது வருஷமாக மண் மூடிக் கிடந்தது. கேட்காமலேயே தூர் எடுத்து, புதுக் கருங்கல் ஜல்லி போட்டுக் கொடுத்தார். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று தெருவில் தண்ணீர் நின்றது. என் வாசலில் கோலம் அழியவில்லை என்று சொல்ல ஆசைதான், கோலம் அழிந்தது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை.

பாத்ரூமைப் பற்றி நர்ஸாகச் சொல்கிறேன், கட்டப்போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. என் கதவு மூன்றடி அகலம், சக்கர நாற்காலி நுழையும். எனக்கு இன்று தேவையில்லை, ஆனால் பின்னால் இடித்துப் பெரிதாக்குவது எவ்வளவு தலைவலி! கைப்பிடிக் கம்பிக்காக மற்றச் சுவர்களில் போட்ட இலகுக் கல்லை விட்டுவிட்டு, பாத்ரூம் சுவரை மட்டும் செங்கல்லில் எழுப்பி, கம்பி வரும் இடங்களில் கான்கிரீட் கட்டை வைத்தார் மேஸ்திரி. ஆணி பிடிக்காத சுவரில் மாட்டிய கைப்பிடி, பிடிக்கிற நேரத்தில் கையோடு வந்துவிடும். கம்பியை நானே பாரிமுனைக்குப் போய் எவர்சில்வரில் 304 தரம் என்று கேட்டு வாங்கினேன். விலை குறைந்த 202 நம்ம கடல் காற்றுக்குத் துருப்பிடித்துவிடும். மாட்டி முடித்ததும் மேஸ்திரி அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார்.

தண்ணீர் விஷயத்தில்தான் ஒரு சண்டை வந்தது. இந்தப் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பி போடும் கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி சொல்வதாக வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் சொன்னார். எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம், அதைத் தாண்டியது. லாரித் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், போட்ட கான்கிரீட்டை நனைக்கவும் அதுதான் வேண்டும் என்று பேச்சு. தளம் போட்ட நாலாம் நாள் லாரி வரவில்லை. மூலக்கடையில் மெட்ரோ ரயில் வேலை நடந்ததால் அப்போது எந்த லாரியும் நேரத்துக்கு வரவில்லை. வேலையாள் ஒருவர் போர் மோட்டாரைப் போட்டுத் தளத்தில் கட்டியிருந்த பாத்திகளில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் ஏணியடியில் நின்று கத்தினேன். மேஸ்திரி வந்து, ஒரு சாக்குப்போக்கும் சொல்லாமல் பாத்தியை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றி, எங்கள் வீட்டுச் சம்பிலிருந்து குடத்தில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரைச் சுமந்து நிரப்ப வைத்தார். அதன் பிறகு 14 நாளும் அவரே வந்து பார்த்தார். தப்பு நடந்தது, ஆனால் மூடி மறைக்கவில்லை.

சரி, குறைகள். நாலு மாசம் என்றார், ஏழு மாசம் ஆயிற்று. 2024 தையில் பூஜை போட்டோம். சுவர் எழும்பி நிற்கையில் ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட ஊருக்குப் போன ஆட்கள் இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள். ஓட்டுப் போடப் போனதில் எனக்கு வருத்தமில்லை. "நாளைக்கு வந்துடுவாங்க சிஸ்டர்" என்று தினமும் சொன்னதில்தான் வருத்தம். இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். அப்புறம் ஆடி வந்துவிட்டது, ஆடியில் குடிபோக முடியுமா? ஆவணியில்தான் பால் காய்ச்சினோம்.

அடுத்தது பாத்ரூம் தரைச் சரிவு. டைல்ஸ் ஒட்டிய ஆள் வேறொருவர், மேஸ்திரி கூட்டி வந்தவர். முதல் நாள் குளித்துவிட்டுப் பார்த்தால் தண்ணீர், அது வெளியேறும் தரைக் குழியான நானி ட்ராப் பக்கம் போகாமல் கம்மோடுக்குக் கீழே தேங்கி நின்றது. தேங்கிய தண்ணீர்தான் வழுக்கும், அதற்காகத்தானே இத்தனை பாடு? டைல்ஸ்காரர் "துடைச்சுவிட்டா போயிடும்" என்றார். கடைசித் தவணையில் 25,000 ரூபாயை நிறுத்தி வைத்தேன். பத்து நாள் கழித்து மேஸ்திரியே உட்கார்ந்து பதினாறு டைல்ஸை உடைத்தெடுத்து மறுபடி ஒட்டினார், புது டைல்ஸ் செலவும் அவருடையது. இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டினால் நேரே குழிக்குப் போகிறது. பணத்தைக் கடைசிவரை கொஞ்சம் கையில் வைத்திருங்கள், எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும்.

செலவு: சதுர அடிக்கு 2,350 ரூபாய், பொருளும் கூலியும் சேர்த்து 7,52,000. சந்து உயர்த்தியதற்குத் தனியாக 68,000. பாத்ரூம் சாமான்கள், கைப்பிடி, எனக்கென்று ஒரு சப் மீட்டர், மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் எல்லாமாக 54,000. மொத்தம் 8,74,000. இன்ஜினியருக்கும் அனுமதிக்கும் ஆனது இதில் சேரவில்லை. பின்பக்கம் கட்டுவதற்கு அனுமதி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் அலைந்து வாங்கினோம். 2024 ஜூலைக்குப் பிறகு, மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால் சுயசான்று முறையில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று வந்திருக்கிறது. உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு ஏழு வயது. இதை "ஆயா வீடு" என்றுதான் சொல்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த ஐந்தடியைத் தாண்டி வந்து கதவைத் தட்டுகிறான். தட்டிவிட்டு நிற்கிறான், நான் திறக்கும்வரை. மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரவில் அவள் குழம்புக் கிண்ணத்தோடு வருவாள், நான் பொரியலோடு போவேன். படி இல்லாததால் இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தாலும் பயமில்லை. மாசாமாசம் சப் மீட்டரைப் பார்த்துக் கரண்டு காசை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். முதலில் வாங்க மறுத்தார், இப்போது வாங்கிக்கொள்கிறார்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைந்த ஒன்று, நாளைக்கு நாளைக்கு என்ற பேச்சுக்காகவும், சுவர் காயும் முன் அவசரமாகப் பெயிண்ட் அடித்ததற்காகவும். வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து உதிர்கிறது. இந்தக் கார்த்திகையில் கூப்பிட்டதும் வந்தார். உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு சிஸ்டர், இப்ப அடிச்சா மறுபடி உதிரும். பங்குனி வெயிலுக்குக் காயட்டும்" என்றார். சுரண்டிய இடம் அப்படியே சிமெண்ட் நிறத்தில் இருக்கிறது. பங்குனியில் வந்து அடித்தாரா என்று இங்கேயே எழுதுகிறேன்.