அம்பாசடர் திணறினால் உடனே எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள், அதிலும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய மார்க் 2 வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பழைய கார்களுக்கென்றே பலகை மாட்டியிருக்கும் கோவைப் பட்டறை ஒன்று, கொஞ்சம் எண்ணெயில் தீர்ந்திருக்க வேண்டிய கோளாறுக்கு என்னிடம் 60,000 ரூபாய்க்கு மேல் கறந்துவிட்டது.

சீரான வேகத்தில் வண்டி நன்றாகவே ஓடியது. லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால்தான் எஞ்சின் ஒரு கணம் திணறும், கார்புரேட்டர் வழியாக ‘டப்’பென்று துப்பும், பிறகே இழுக்கும். நீலப்புகை கிடையாது. ஆயிலும் குறையவில்லை.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து இரண்டு முறை ரேஸ் செய்துவிட்டு, “போர் போய்விட்டது சார், பிஸ்டன் மாற்றியாக வேண்டும்” என்றார். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துவிட்டதாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்தீர்களா என்று கேட்டேன். காதாலேயே தெரியுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்; மறுநாள் போவதற்குள் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது), பிஸ்டன், ரிங், கேஸ்கெட், தனியாக ‘ட்யூனிங்’ என்று கணக்கு நீண்டது. வண்டி திரும்பி வந்தது, அதே திணறலோடு. புது போர், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பழைய பிஸ்டன்களைக் கேட்டால், காயலான் கடைக்குப் போட்டாயிற்று!

பொள்ளாச்சியில் வேறொரு மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. கார்புரேட்டரின் தலையில் இருக்கும் சிறு மூடியைத் திருகி எடுத்தார். அதனோடு வந்த கம்பி காய்ந்து கிடந்தது. எஸ்.யு.வுக்குள்ளேயே தனியாக ஒரு பிஸ்டன் உண்டு; காற்றின் இழுப்புக்கு ஏற்ப அது மேலே எழும். சட்டென்று மிதிக்கும்போது அது துள்ளி எழாமல் நிதானமாக எழுந்தால்தான் அந்தக் கணத்தில் பெட்ரோல் கூடுதலாகச் சேரும். அந்த நிதானத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். அது வற்றினால் வெறும் காற்றுதான் முந்திக்கொண்டு போகும். 20 கிரேடு எண்ணெய் விட்டு, மூடியை இறக்கும்போது கையில் லேசான தடை தெரிந்ததும் நிறுத்தினார். திணறல் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கோளாறு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில். எஞ்சினின் இழுப்புக்கு ஏற்ப ஸ்பார்க் நேரத்தை மாற்ற உதவும் வேக்கும் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தார்; உள்ளே தட்டு அசையவில்லை, டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தது. 0.015 அங்குலம் இருக்க வேண்டிய பிளாட்டினம் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் முனைகள்) இடைவெளியும் நெருங்கிக் கிடந்தது. கோவைப் பட்டறை ட்யூனிங் செய்த லட்சணம் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இது மர்மமான எஞ்சின் அல்ல. இதே 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின்தான் இங்கிலாந்தில் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. கார்புரேட்டரில் எண்ணெய் பார்ப்பதெல்லாம் அந்தக் காலத்து வழக்கமான சர்வீஸ் வேலை.

யாராவது ‘போர் போய்விட்டது’ என்றால், நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள். கம்ப்ரஷன் அளக்கும் கேஜ் இல்லாத பட்டறையில் ஹெட்டைத் திறக்கவே விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கோவைப் பட்டறைக்காரரிடம் போனேன். அடுத்த ஆயில் மாற்றம் இலவசம் என்றார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்றால், அவர் தந்தது முத்திரையோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத துண்டுச் சீட்டு. யுபிஐயில் அனுப்பிய பதிவுகள் மட்டும் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.