ஆம்பூர் தோல் ஏற்றுமதிக்குப் பொதுத்துறை வங்கி: கடன் சரி, கணக்கு முடிப்பதில்தான் இழுபறி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பொதுத்துறை வங்கியை நாட முதல் காரணம் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு ஏற்றும் முன் தரும் கடன். உறுதியான ஆர்டரோ எல்.சி.யோ (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) கையில் இருந்தால், மார்ஜின் (நாம் போட வேண்டிய பங்கு) போக மீதியைத் தோலுக்கும் கெமிக்கலுக்கும் கூலிக்கும் முன்பணமாகத் தருகிறார்கள். இதில் பெரிய குறை சொல்ல முடியாது. அந்தக் கடனைப் பொதுவாக ஏற்றுமதி பில் பணத்தில் அடைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எல்.சி. பில்லில்தான் கவனம் தேவை. எல்.சி.யில் வேறு கெடு இல்லையென்றால், சரக்கு ஏறிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பே ஆவணங்கள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். சதுர அடிக் கணக்கில் போகும் ஃபினிஷ்டு லெதருக்கு, எல்.சி. தடுக்காவிட்டால், அளவில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம்; தொகை மட்டும் எல்.சி.யைத் தாண்டக் கூடாது. ஜோடிக் கணக்கில் போகும் ஷூவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பகுதி பகுதியாகச் சரக்கு அனுப்புவதை எல்.சி. தடுத்திருந்தால், ஐந்து ஜோடி குறைந்தாலும் பில் திரும்பும். நல்ல கிளையில் ஆவணங்கள் வரைவாக இருக்கும் நிலையிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். அனுபவமில்லாத கிளையில் வெளிநாட்டு வங்கி அபராதம் பிடித்த பிறகுதான் தெரியவரும்.

உண்மையான தலைவலி பணம் வந்த பிறகு. 20,000 யூரோ இன்வாய்ஸுக்கு இடைவங்கிக் கட்டணம் போக 19,965 வரும். அந்த 35 யூரோவை வங்கிக் கட்டணம் என்று காட்டிப் பதியாவிட்டால், ஈ.டி.பி.எம்.எஸ்.ஸில் (ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பு) ஷிப்பிங் பில் (சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதி ஆவணம்) கணக்கு முடியாமல் திறந்தே கிடக்கும். நிலுவை நீண்டால் டிராபேக் (ஏற்றுமதிக்காகத் திருப்பித் தந்த வரி) தொகையைச் சுங்கத்துறை திருப்பிக் கேட்கும். 2023 நவம்பர் முதல் இ-பி.ஆர்.சி.யை (ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான மின்னணுச் சான்று) ஏற்றுமதியாளரே டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் எடுக்கலாம் என்றாலும், வரவு விவரத்தை வங்கி ஏற்றினால்தான் அது நடக்கும். பணம் வந்த அன்றே ஷிப்பிங் பில் எண்ணோடு கடிதம் கொடுத்துவிடுங்கள். டாலர் பில்லுக்கு கார்டு ரேட்டை (வங்கி அன்றைக்கு அறிவிக்கும் மாற்று விலை) அப்படியே ஏற்க வேண்டாம். டாலர் வாங்கி விற்கும் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் தளத்தில் பதிந்துகொண்டால் சந்தை விலையே தெரியும்.

  

கணக்கு தொடங்கும் முன் ஒன்று கேளுங்கள்: ஏற்றுமதி ஆவணங்களை இந்தக் கிளையிலேயே பார்ப்பார்களா, சென்னைக்கு அனுப்புவார்களா? சென்னைக்கு என்றால், 21 நாளில் அந்தப் பயணத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.